வானத்துத் தோட்டமும் பொதுமக்களும்

நாவலையும் கவிதையையும் விமர்சிக்கத் தெரிந்த நாம் கட்டடங்களை விமர்சிப்பது மிகக் குறைவு. கட்டடம் பொறியியலாளரின் விடயம், அதன் அழகும் அழகின்மையும் பணம் போட்டவரின் விடயம் என்று விட்டுவிடுகிறோம். பிடிக்காத நாவலை மூடி வைத்துவிடலாம். பிடிக்காத கட்டடத்தை மூடி வைக்க முடியாது. அதன் நிழலிலே தினமும் நடக்க வேண்டியவர்கள் அதைக் கட்டும்படி கேட்டவர்களுமல்லர், அதிலே குடியிருப்பவர்களுமல்லர். கலைகள் யாவற்றிலும் சமுதாயத்தின் மீது மிகுந்த வற்புறுத்தலோடு திணிக்கப்படுவது கட்டடக் கலையே எனலாம். ஆகவே, 'யாருக்காக?' என்று இலக்கியத்தை நோக்கிப் பல காலமாகக் கேட்டுவரும் நாம், கட்டடத்தை நோக்கியும் அதையே கேட்பது பொருத்தமானது.

இலண்டன் மாநகரின் வர்த்தக மையமான 'சிற்றி'யிலே, பென்சேர்ச் வீதி 20 ஆம் இலக்கத்தில் நிற்கும் கோபுரம் இக்கேள்விக்கு நல்லதோர் உரைகல். அதன் உயரம் 160 மீற்றர். உருகுவேயிலே பிறந்து, முதலில் ஆர்ஜென்டீனாவிலும் பின்னர் நியூயோர்க்கிலும் தொழில் புரிந்த ரபாயெல் வினோலி (1944-2023) அதனை வடிவமைத்தார். 2014 இல் வேலை முடிந்தது. 2015 ஜனவரியில் உச்சியிலுள்ள மூன்று மாடிக் கண்ணாடி மண்டபம், 'ஸ்கை கார்டன்', அதாவது வானத் தோட்டம் என்ற பெயரிலே பொதுமக்களுக்குத் திறந்து விடப்பட்டது. கட்டணம் இல்லை. அதே ஆண்டில், 'பில்டிங் டிசைன்' என்னும் பிரித்தானியக் கட்டடக் கலைப் பத்திரிகை, நாட்டின் மிக மோசமான புதிய கட்டடத்துக்கென வழங்கிவந்த 'கார்பங்கிள்' கிண்ணத்தை இக்கோபுரத்துக்கு வழங்கியது. மக்கள் ஆவலோடு ஏறிப் பார்த்ததும் விமர்சகர் எள்ளி நகையாடியதும் ஒரே கட்டடத்தைத்தான். இவ்விரண்டு தீர்ப்புக்களையும் சேர்த்து விளங்கிக் கொள்ளாமல் இதைப்பற்றிப் பேசுவதிற் பயனில்லை.

உருவம், உள்ளடக்கம் என்பன பற்றி நமது பத்திரிகைகளிலே நடந்த வாதப் பிரதிவாதங்கள் கொஞ்சமல்ல. அவற்றைப் படித்துச் சலித்தவர்களுக்கு இக்கோபுரத்தைக் காட்டலாம். உயர்ந்த கட்டடம் பொதுவாக மேலே செல்லச் செல்ல ஒடுங்கும். அல்லது நேராகச் செல்லும். இதுவோ மேலே செல்லச் செல்ல அகன்று, தலை பருத்து, வீதியின் மேற் கவிந்து நிற்கின்றது. கையிற் பிடித்துப் பேசும் வானொலிக் கருவியின் சாயல் இருப்பதனால் இலண்டன்வாசிகள் இதற்கு 'வோக்கி டோக்கி' என்று பெயரிட்டனர். இந்த விசித்திர உருவத்தைக் கலைஞனின் தனிக் கற்பனையில் தேட வேண்டியதில்லை. உயர்ந்த மாடிகளுக்கு, அங்கிருந்து தெரியும் காட்சியின் பொருட்டு, வாடகை அதிகம். அதிக வாடகை கிடைக்கும் இடத்திலேயே தளத்தின் பரப்பையும் பெருக்கினால் வருமானம் இன்னும் பெருகும். நிலத்திலே காணியின் எல்லை தடுக்கிறது. ஆகாயத்திலே அந்தத் தடை தளர்கிறது. வாடகைக் கணக்கு உள்ளடக்கம், பருத்த தலை உருவம். உள்ளடக்கமே உருவத்தை நிர்ணயிக்கிறது என்ற சூத்திரத்துக்கு இதைவிட அப்பட்டமான உதாரணத்தை எந்த நாவலிலும் காண்பதரிது.

அந்த உருவம் தன் குணத்தைக் கட்டி முடியுமுன்னரே காட்டிவிட்டது. 2013 கோடையின் கடைசியில், தெற்குப் பக்கத்துக் குழிந்த கண்ணாடிச் சுவர் சூரிய ஒளியைத் திரட்டி வீதியிலே பாய்ச்சியது. ஈஸ்ற்சீப் வீதியில் நிறுத்தப்பட்டிருந்த ஜகுவார் கார் ஒன்றின் பாகங்கள் உருகி நெளிந்தன. பத்திரிகை நிருபர் ஒருவர் நடைபாதையிலே சட்டியை வைத்து முட்டை பொரித்துக் காட்டினார். கார்ச் சொந்தக்காரருக்குக் கட்டட நிறுவனத்தார் 946 பவுண் கொடுத்தனர். அடுத்த ஆண்டில் சுவருக்கு வெயில் தடுக்கும் தகடுகள் பொருத்தினர். தெற்குப் பக்கத்துக்கென்று தகடுகள் முதலிலேயே உத்தேசிக்கப்பட்டிருந்தன, இடையிலே அவை கைவிடப்பட்டன என்று வினோலி அப்போது தெரிவித்தார். லாஸ் வேகாஸில் அவர் வடிவமைத்த விடாரா ஹோட்டலின் குழிந்த சுவரும் 2010 இல் நீச்சற் குளத்தருகே இருந்தோரைச் சுட்டதாகச் செய்திகள் வந்திருந்தன. வீதியிலே நடப்பவன் கணக்கிலே சேர்க்கப்படாதபோது இத்தகைய விபரீதங்கள் நேர்வது வியப்பன்று.

இதைக் கொண்டு வினோலியைத் திறமையற்றவர் என்று ஒதுக்குவது தவறாகும். தோக்கியோ மாநகர அரசு சர்வதேசப் போட்டி ஒன்றை நடத்தி அவரிடம் ஒப்படைத்த 'தோக்கியோ சர்வதேச மன்றம்' 1997 இல் திறக்கப்பட்டது. பழைய நகர மண்டபம் இருந்த நிலத்திலே, கப்பலின் உட்புறம் போன்ற பிரமாண்டமான கண்ணாடிக் கூடம். அதன் அருகே மரங்கள் நிழல் தரும் முற்றம். புகையிரத நிலையத்திலிருந்து வருபவர் எவரும் அதனூடே நடந்து போகலாம். அதே கலைஞன், அதே கண்ணாடி, அதே உருக்கு. மாறியது வேலை கொடுத்தவர் யார் என்பதுதான். கலைஞனின் ஆற்றலை மட்டும் அளந்து, அவன் எந்த உறவுகளுக்குள் நின்று தொழில் புரிகிறான் என்பதைக் கணிக்காத விமர்சனம் அரைகுறையானது.

இனி, தோட்டம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். சிற்றியில் உயர்ந்த கட்டடங்கள் ஓரிடத்தில் கூட்டமாக நிற்க வேண்டும் என்பது நகர நிர்வாகத்தின் கொள்கை. இக்கோபுரத்தின் காணியோ அக்கூட்டத்துக்கு வெளியே, தேம்ஸ் நதிக்கு அண்மையில் இருக்கிறது. 1968 இல் எழுந்த ஒரு வங்கிக் கட்டடம் அங்கே நின்றது. அதை இடித்துவிட்டு 200 மீற்றருக்குக் கிட்டிய கோபுரம் எழுப்பலாம் என்பது முதலில் வந்த யோசனை. சென் போல் பேராலயத்தினதும் புராதன இலண்டன் கோட்டையினதும் தோற்றத்தை அது கெடுத்துவிடும் என்ற எதிர்ப்பு எழுந்தபோது உயரம் குறைக்கப்பட்டது. 2007 இல் பகிரங்க விசாரணை நடந்து, முடிவில் அமைச்சர் அனுமதி வழங்கினார். அனுமதிக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட முக்கியமான நியாயங்களில் ஒன்று, உச்சியிலே மக்களுக்கு இலவசமான தோட்டம் அமையும் என்பது. நகரத் திட்டச் சட்டத்தின் 106 ஆம் பிரிவின் கீழ் எழுதப்படும் உடன்படிக்கையினால் அந்த வாக்குறுதிக்குச் சட்ட வலுவும் கிடைத்தது.

ஆக, தோட்டம் ஒரு நன்கொடையன்று, ஒரு விலை. வேறிடத்தில் நிற்க வேண்டிய கட்டடம் இங்கே நிற்பதற்கும், நகரத்தின் பொதுச் சொத்தான வான விளிம்பிலே ஒரு துண்டை எடுத்துக் கொள்வதற்கும் நிறுவனத்தார் கொடுத்த விலை. விலை கொடுத்து வாங்கியவன் தான் தருமம் செய்ததாகச் சொல்லிக்கொள்ளும்போது, விற்றவர் கணக்குக் கேட்பது நியாயம். வாங்கியதன் பெறுமதி என்ன என்பது பின்னர் வெளியாயிற்று. 2017 இல், சிப்பிச் சோஸ் தயாரித்துப் பெயர் பெற்ற ஹொங்கொங்கின் லீ கும் கீ குழுமம் இக்கோபுரத்தை ஏறத்தாழ 128 கோடி பவுணுக்கு வாங்கியது. பிரித்தானியாவில் தனியொரு அலுவலகக் கட்டடத்துக்கு அதுவரை கிடைத்திராத விலை என்று பத்திரிகைகள் எழுதின.

விலையாகத் தரப்பட்ட பொருள் எப்படியிருக்கிறது? வளைந்த கண்ணாடிக் கூரையின் கீழ் 35 ஆம் மாடியிலே அகன்ற தளம். இரு பக்கமும் படிக்கட்டுகள் சரிந்து ஏற, அவற்றின் ஓரமாகச் செடிகள்: ஆபிரிக்க லில்லி, பிரான்சிய லவெந்தர், அத்தி, மரப் பன்னங்கள். மத்தியதரைக் கடற் பிரதேசத்தையும் தென்னாபிரிக்காவையும் சேர்ந்த, அதிகம் நீர் கேட்காத இனங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வெயில் நாட்டுச் செடிகளைக் கண்ணாடிக்குள் வளர்த்துப் பார்ப்பதிலே ஆங்கிலேயருக்குள்ள விருப்பம் பழையது. அந்த விருப்பத்துக்கும் அவர்களுடைய சாம்ராச்சியத்துக்கும் உள்ள தொடர்பு தனியே எழுத வேண்டிய விடயம். நடுவிலே மதுபானச் சாலை, மேலே உணவகங்கள். அவற்றுள் ஒன்றுக்கு டார்வினின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். தக்கது பிழைக்கும் என்ற கோட்பாட்டை வங்கிகளின் நடுவே நினைவூட்டுவது வேண்டுமென்று செய்ததோ, என்னவோ! அனுமதி கோரிய காலத்து வரைபடங்களிலே அடர்ந்த சோலையாகத் தெரிந்தது, உண்மையில் இரண்டு பாத்திகளாகச் சுருங்கிவிட்டது, இது விமான நிலையத்துக் காத்திருப்பு மண்டபம் போலிருக்கிறது என்று திறந்த நாளிலிருந்தே பலரும் குறை கூறினர்.

இக்குறையை ஒப்புக்கொள்ளும் அதே வேளையில், முற்போக்காளர் சிலர் இத்தகைய இடங்களைப் பற்றிப் பேசும் முறையோடு நாம் உடன்பட முடியாது. 'இது வெறும் ஏமாற்று. போகிறவர்கள் ஏமாளிகள்' என்று சொல்லி முடித்துவிடுவது அவர்களுக்கு எளிதாயிருக்கிறது. மக்கள் ஏமாளிகளல்லர். உயரத்திலிருந்து தம் ஊரைப் பார்ப்பது சரித்திரத்தின் பெரும் பகுதியிலே அரசனுக்கும் தளபதிக்கும் மதகுருவுக்கும் உரியதாகவே இருந்தது. நாள் முழுவதும் நிலத்துக்கடியிலே புகையிரதத்தில் நெரிபடும் ஒருவர், விடுமுறையொன்றில் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, 'அதோ நதி, அதோ பாலம், நமது வீடு அந்தப் பக்கம்' என்று காட்டுவதிலே அற்பமான ஆசை எதுவுமில்லை. தான் வாழும் நகரத்தை ஒருமித்த முழுமையாகக் காண விரும்பும் மனித அவா அது. நதிக்கு அக்கரையில் உள்ள ஷார்ட் கோபுரத்திலே இக்காட்சி காசுக்கு விற்கப்படுகிறது. இங்கே காசு கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்பவர், ஒரு சீட்டின் விலையை எண்ணிப் பார்க்க வேண்டியில்லாத வீட்டிலே பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆசை உண்மையானது. அதற்குக் கொடுக்கப்பட்ட வடிவத்தைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

அந்த வடிவத்தின் பெயர் அனுமதிச் சீட்டு. வானத் தோட்டத்துக்குப் போக விரும்புபவர் முன்கூட்டியே பதிவு செய்து, நாளும் நேரமும் குறித்த சீட்டுப் பெற வேண்டும். பதிவின்றி வருபவருக்கு இடமிருந்தாற் சில நேரங்களில் வழி விடுவர். கீழே விமான நிலையத்திற் போலப் பையையும் உடலையும் சோதிக்கும் பொறிகள். உணவகத்திலே மேசை பதிவு செய்தவருக்கோ மேலே செல்ல வேறு வழி திறந்திருக்கிறது. தனியார் விருந்துகளுக்கும் இம்மண்டபம் வாடகைக்கு விடப்படும். கூட்டத்தை ஒழுங்குபடுத்தச் சீட்டு அவசியம் என்ற நியாயத்தை முற்றாக மறுக்க வேண்டியதில்லை. மின்தூக்கியிலே எத்தனை பேர் ஏற முடியும் என்பதற்கு எல்லையுண்டு. ஆனால் நேரம் குறித்துச் சீட்டுப் பெற்றுச் செல்லும் இடத்தை நாம் காட்சிசாலை என்போம், நாடக மண்டபம் என்போம். பூங்கா என்று சொல்வதில்லை. பூங்காவுக்குப் போவதற்குக் காரணமோ நாள் நட்சத்திரமோ வேண்டியதில்லை. வேலையற்றவன் அங்கே பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். மழை வந்தால் எழுந்து போய், விட்டதும் திரும்பி வரலாம்.

இவ்விடயத்தில் இலண்டனின் பழைய அனுபவம் கவனிக்கத்தக்கது. 1840 இல் கிழக்கு இலண்டன்வாசிகள் முப்பதினாயிரம் பேர் கையொப்பமிட்டு, நெருக்கமும் நோயும் மிகுந்த தமது பகுதிக்கு ஒரு பூங்கா வேண்டுமென்று விக்ரோறியா இராணிக்கு விண்ணப்பித்தனர். அதன் விளைவாக 1845 இல் திறக்கப்பட்டதே விக்ரோறியாப் பூங்கா. சாசன இயக்கத் தொழிலாளர் 1848 இல் அங்கே கூடினர். பின்னர் வில்லியம் மொறிஸ், அன்னி பெசன்ற் முதலியோர் அங்கே சோஷலிசம் பேசினர். புல்லும் பூவும் மட்டுமல்ல, குரலை உயர்த்தும் உரிமையும் அந்தப் பூங்காவிலே இருந்தது. 1878 இல் எப்பிங் காட்டை நிலச் சொந்தக்காரரின் வேலிகளிலிருந்து மீட்டு, மக்களின் பொழுதுபோக்குக்கென நிரந்தரமாகத் திறந்து வைக்கும் சட்டம் நிறைவேறியது. அக்காட்டிலே கிளை வெட்டி விறகெடுக்கும் தம் பரம்பரை உரிமையை விடாமற் சிறை சென்ற ஏழைகளின் போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. காட்டின் பாதுகாவலராக அச்சட்டத்தினால் நியமிக்கப்பட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? வானத் தோட்டத்தைப் பேரம் பேசி ஏற்றுக்கொண்ட அதே இலண்டன் சிற்றி கோர்ப்பரேஷன்! அன்றைய கோர்ப்பரேஷன் வணிகரின் சபையல்லாமல் மக்களின் சபையாக இருந்ததென்று நாம் சொல்லவில்லை. பொது என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மக்கள் இயக்கம் நின்றபோது, அதே சபையிடமிருந்து அச்சொல்லின் முழுப் பொருளையும் பெற முடிந்தது என்கிறோம்.

இயக்கம் இல்லாதபோது, அல்லது அதன் வழி அடைபடும்போது, என்ன நிகழும் என்பதற்கு 2011 சாட்சி. அவ்வாண்டு ஒக்டோபரில், வங்கிகளின் கொள்ளையை எதிர்த்து இளைஞர் இலண்டன் பங்குச் சந்தைக்கு முன்னாலுள்ள பற்றர்நொஸ்ரர் சதுக்கத்தில் கூட முற்பட்டனர். நாளாந்தம் ஆயிரக்கணக்கானோர் நடந்து செல்லும் அச்சதுக்கம் தனியார் சொத்து என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிய வந்தது. நீதிமன்றத் தடையுத்தரவு அவர்களை உள்ளே விடவில்லை. சென் போல் பேராலயத்தின் முன்றிலிலேயே அவர்கள் கூடாரமடித்தனர்; 2012 பெப்ரவரியில் அங்கிருந்தும் அகற்றப்பட்டனர். நடக்கலாம், நிற்கலாம், கோப்பி குடிக்கலாம். ஒன்றுகூடிப் பேச மட்டும் முடியாது என்ற பொதுவிடம் அது. அதையே 35 மாடி உயர்த்தி, வாசலிலே சோதனைப் பொறியும் வைத்தாற் கிடைப்பது வானத் தோட்டம்.

தோட்டம் என்ற சொல் இலங்கைத் தமிழருக்கு இன்னொரு பொருளையும் உணர்த்தும். அப்பொருளுக்கும் இக்கோபுரத்துக்கும் இடையே ஓர் ஒழுங்கையின் அகலந்தான் தூரம். கோபுரத்தின் கிழக்கு எல்லை ரூட் ஒழுங்கை. அதற்கு அப்பால் மின்சிங் ஒழுங்கை. கிழக்கிந்தியக் கம்பனியின் ஏகபோகம் ஒழிந்த பின்னர், 1834 தொடக்கம் தேயிலை ஏலம் நடந்த இடம் மின்சிங் ஒழுங்கை. லூல்கந்துரையிலே ஜேம்ஸ் ரெயிலர் பயிரிட்ட தேயிலையில் 23 றாத்தல் இலண்டனை வந்தடைந்த 1873 ஆம் ஆண்டிலிருந்து, மலைநாட்டிலே பறிக்கப்பட்ட கொழுந்துக்கு விலை கூறப்பட்ட களம் இதுவே. இரண்டாம் உலகப் போரின் பின்னர், இவ்விரு ஒழுங்கைகளுக்கும் நடுவே நின்ற 'பிளான்டேஷன் ஹவுஸ்', அதாவது தோட்ட மாளிகை, ஏலத்துக்கு இடமளித்தது. 1998 ஜூனில் இலண்டன் தேயிலை ஏலம் நிறுத்தப்பட்டது, மாளிகையும் போயிற்று. அந்த நிலத்தில் 2004 இல் எழுந்த அலுவலகக் கட்டடத்துக்குப் 'பிளான்டேஷன் பிளேஸ்' என்ற பெயரை மட்டும் அப்போது மிச்சம் வைத்தார்கள். வானத் தோட்டத்தின் கிழக்குக் கண்ணாடியருகே நின்று கீழே பார்ப்பவரின் காலடியிலே கிடப்பது அதன் கூரை.

பழைய சுரண்டலைப் புதிய கட்டடத்தின் தலையிலே சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உரிமை, அனுமதி என்னும் இரு சொற்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை அத்தோட்டங்களின் மக்களை விட நன்கறிந்தவர் யார்? அவர்கள் வெட்டித் திருத்திய மண்ணிலே, லயத்துக் காம்பிராவில் அவர்கள் வாழ்ந்ததெல்லாம் தோட்டத்துரையின் அனுமதியின் பேரில். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், அவர்களுட் பெரும்பாலோர் இந்நாட்டில் இருப்பதையே உரிமை என்ற நிலையிலிருந்து அனுமதி என்ற நிலைக்குத் தள்ளியது. ஒருவரை இருக்க விடுவது வேறு, அவருக்கு இருக்கும் உரிமையை ஏற்பது வேறு. இலண்டனிலே சீட்டோடு மாடியேறுபவரின் நிலையும் லயத்திலே பிறந்தவரின் நிலையும் ஒன்றல்ல. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அது. ஆயினும், இந்த வேறுபாட்டின் பயிற்சி நமக்கு இருப்பதனால், 'எல்லோருக்கும் இலவசம்' என்ற அறிவிப்பைக் கண்டதும் அடுத்த வரியையும் வாசிக்கத் தோன்றுகிறது.

வேறு விதமாகச் செய்ய முடியாது, உயரத்திலே தோட்டம் என்றால் சீட்டும் வேண்டுமென்று வாதிப்பவருக்கு அதே வீதியிலேயே பதிலிருக்கிறது. பென்சேர்ச் வீதி 120 ஆம் இலக்கத்திலே, எரிக் பரி என்பவரின் கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்த அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், 2019 பெப்ரவரியில் ஒரு தோட்டம் திறக்கப்பட்டது. அதுவும் அனுமதிப் பேரத்தின் விளைவுதான். கீழே சோதனையும் உண்டு. ஆனால் முன்பதிவு இல்லை. வந்து, ஏறி, கொடிப் பந்தரின் கீழ் அமர்ந்து, கொண்டுவந்த சோற்றைத் தின்றுவிட்டுப் போகலாம். கூரையில்லாத திறந்த வெளி. மழை பெய்தால் நனையும். அங்கே உயரம் குறைவு, காட்சியும் அவ்வளவு விரிந்ததல்ல. எனினும் பூங்கா என்ற சொல் அதற்கு ஓரளவு பொருந்துகிறது. இரு தோட்டங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நிர்ணயித்தது செடியின் இனமோ கண்ணாடியின் வளைவோ அன்று. மக்கள் எவ்வாறு உள்ளே வரலாம் என்று வகுக்கப்பட்ட சில விதிகளே.

இதனாலேதான் 106 ஆம் பிரிவு உடன்படிக்கை போன்ற வறண்ட பத்திரங்களைக் கட்டடக் கலை விமர்சகர் வாசிக்க வேண்டும் என்கிறோம். அவை காணியோடு ஒட்டியவை. சொந்தக்காரர் மாறினாலும் மாறுவதில்லை. 2017 இல் கோபுரம் கைமாறியபோதும் வானத் தோட்டம் திறந்தே இருந்தமைக்கு இதுவே காரணம். அப்பத்திரத்திலே வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சீட்டோடா சீட்டின்றியா, தனியார் விருந்துக்காக எத்தனை நாள் மூடலாம், எத்தனை பேர் இருக்க ஆசனங்கள் என்பவை எவ்வளவு கண்டிப்பாக எழுதப்படுகின்றனவோ, அவ்வளவுதான் பொதுமக்களுக்குக் கிடைப்பது. படங்களிலே காட்டப்படும் சோலையை நீதிமன்றத்திலே கேட்டுப் பெற முடியாது.

துரதிர்ஷ்டவசமாக, பரவியது முதலாவது தோட்டத்தின் முறைதான். 2023 இல் சிற்றியிலே இரு உயர்ந்த காட்சிக் கூடங்கள் மக்களுக்குத் திறக்கப்பட்டன. பிஷப்ஸ்கேற் வீதி 22 ஆம் இலக்கத்தின் 58 ஆம் மாடியில் ஒன்று, 8 ஆம் இலக்கத்தின் 50 ஆம் மாடியில் மற்றையது. இரண்டும் இலவசம். இரண்டுக்கும் முன்பதிவு. செடிகூட இப்போது தேவைப்படவில்லை; காட்சி மட்டும் போதுமென்று ஆகிவிட்டது. சிற்றியிலே இன்னும் கோபுரங்கள் எழவிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உடன்படிக்கை எழுதப்படும். ஒவ்வொன்றும் ஒப்பமிடப்படுமுன் கோர்ப்பரேஷனின் திட்டக் குழு கூடும். அக்கூட்டங்கள் பகிரங்கமானவை. அங்கே சென்று அமர்வதற்கு யாரும் சீட்டுப் பெற வேண்டியதில்லை.